மொரீஷியசுக்குப் புதிதாக வந்தவர்கள் இணையம் வழியே ஆட்களைப் பழகிக்கொள்வது எப்படி?

எபேன் என்ற ஊரில் உள்ள கணினி நிறுவனங்களுக்கும், கடலோர ஓட்டல்களுக்கும், கட்டட வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே நினைப்போடுதான் விமானம் ஏறுகிறார்கள்: "அங்கேதான் நிறையத் தமிழர்கள் இருக்கிறார்களே, பழகுவதற்கு என்ன?" இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் தமிழில் பேசிப் பழகிவிடலாம் என்று போனால் முதல் வாரமே முட்டிக்கொள்ளும். இங்கே தமிழர் வீட்டிலும் பேச்சு, பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோல்தான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அறையில் படுத்துக்கொண்டு ஊருக்கு வீடியோ கால். நானும் இப்படி வெகுநாள் தவித்துத்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். இங்கே ஆட்களிடம் போய்ச் சேர இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, நமக்குப் பிடித்த பொழுதுபோக்கு. இன்னொன்று, நாமும் தமிழர் என்பது. முதல் வாசல் வழியாக உள்ளே போனால் இரண்டாவது தானாகத் திறக்கும். வரிசையை மாற்றினால் இரண்டிலும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

1. முதலில் உள்ளூர் எண், வங்கிக் கணக்கு

ஊர் எண்ணிலேயே வாட்ஸப்பை வைத்துக்கொண்டு குழுக்களில் சேரப் பார்க்காதீர்கள். வெளிநாட்டு எண்ணைப் பார்த்ததுமே பல அட்மின்கள் மோசடி ஆள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இங்கே செல்பேசி எண் +230க்குப் பிறகு எட்டு இலக்கம், பெரும்பாலும் 5இல் தொடங்கும். மை.டி, எம்டெல் இரண்டும் பெரிய நிறுவனங்கள். சில்லி என்று இன்னொன்றும் உண்டு. கடைக்குப் போகும்போது பாஸ்போர்ட் அசல், வேலை அனுமதிக் காகிதம், தங்கும் முகவரிக்குச் சான்று மூன்றையும் கையில் வைத்திருங்கள். ஒன்று குறைந்தாலும் இன்னொரு நாள் லீவு போட வேண்டியிருக்கும். சிம் பதிவில் இப்போது கெடுபிடி அதிகம். 2023 அக்டோபர் கடைசியில் தொடங்கி நாட்டில் உள்ள எல்லாரையுமே சிம்மை மறுபதிவு செய்ய வைத்தார்கள்; அப்போது கடையிலேயே முகத்தைப் படம் எடுத்தார்கள். ஆகவே அறை நண்பர் பெயரில் சிம் வாங்கி ஓட்டலாம் என்ற யோசனை வேண்டாம். அவர் ஊர் திரும்பினால் உங்கள் எண், வாட்ஸப், குழுக்கள் எல்லாம் சேர்ந்து போய்விடும்.

வங்கிக் கணக்குக்கும் நட்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இங்கே குழுவாக எங்கே போனாலும் செலவைப் பங்கு போடுவது ஃபோனில்தான். எம்சிபி வங்கியின் ஜூஸ் செயலி இல்லாத உள்ளூர்க்காரரைக் காண்பது அரிது. பந்து மைதான வாடகை, வேன் காசு, பிறந்தநாள் கேக் எல்லாம் "ஜூஸ் பண்ணிவிடு" என்பதோடு முடிந்துவிடும். அது இல்லாத ஆள் ஒவ்வொரு முறையும் சில்லறை தேடிக்கொண்டு நிற்பார். கணக்கு திறக்கப் பாஸ்போர்ட், வேலை அனுமதி, நிறுவனத்தின் கடிதம், அப்புறம் எல்லாரையும் மாட்டிவிடும் அந்த முகவரிச் சான்று: மூன்று மாதத்துக்குள் வந்த மின்சார ரசீதோ தண்ணீர் ரசீதோ. வாடகை வீட்டில் அது உரிமையாளர் பெயரில் இருக்கும். அப்போது அவர் கையெழுத்துப் போட்ட கடிதம், அவர் அடையாள அட்டை நகல், அந்த ரசீது மூன்றும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் போடும் அன்றே இவற்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள். முன்பணம் கைக்கு வந்த பிறகு சில உரிமையாளர்களைப் பிடிப்பது பெரும்பாடு. கணக்கு கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை நூறு ரூபாய் நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். மொரீஷியஸ் ரூபாய் ஒன்று, இந்திய ரூபாய் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. முதல் சில வாரம் மனம் தானாகப் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

2. முகப்பைச் சரிசெய்யுங்கள்

ஆட்களைத் தேடுவது பேஸ்புக்கில், பழகுவது வாட்ஸப்பில். இந்த ஊர் வழக்கம் அது. பேஸ்புக் குழுவில் ஒருவர் ஞாயிறு நடைப்பயணம் என்று போடுவார். வருகிறேன் என்றவர்களை அந்த வாரமே ஒரு வாட்ஸப் குழுவில் சேர்ப்பார். எனவே முதலில் பார்க்கப்படுவது உங்கள் பேஸ்புக் பக்கம்தான். நடிகர் படத்தை முகப்பில் வைத்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். நமக்கு அது சாதாரணம், இங்கே உள்ளவருக்குப் போலிக் கணக்கு. உங்கள் முகம் தெரியும் படம், ரோமன் எழுத்தில் பெயர், குடியிருக்கும் ஊர் (ரோஸ் ஹில், குவாத்ர் போர்ன், வக்வா என்று எதுவாக இருந்தாலும்) போதும். பெயரைத் தமிழ் எழுத்தில் வைத்திருந்தால் அட்மினால் படிக்க முடியாது, அவர் தமிழராகவே இருந்தாலும்.

இங்கேயே இன்னொரு எச்சரிக்கை. இந்தத் தீவில் மக்கள்தொகை பன்னிரண்டு லட்சம் சொச்சம்தான். நீங்கள் ராத்திரி போட்ட பதிவை மறுநாள் காலையில் உங்கள் மேலாளரின் மைத்துனி பார்த்திருப்பார். நம் ஊர் அரசியல், இந்த ஊர் அரசியல், சாதிப் பெருமை எதுவும் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

3. கொஞ்சம் கிரியோல்

ஆங்கிலத்தில் எழுதினால் எல்லாருக்கும் புரியும், பதிலும் வரும். ஆனால் அது அலுவலகப் பதிலாக இருக்கும். கிரியோலில் இரண்டு வரி, தப்பாகவே எழுதினாலும், நாலு பேர் சிரித்துக்கொண்டே உள்ளே இழுத்துவிடுவார்கள். கிரியோலைக் காதில் விழுகிறபடியே எழுதுகிறார்கள் என்பதால் கற்பது பிரெஞ்சை விட எளிது. நான் புதியவர்களுக்குக் கொடுக்கும் முதல் பதிவு இதுதான்:

"போன்சூர் தூ திமூன். மோ ஃபெக் வின் மொரிஸ், மோ ரெஸ் ரோசில். மோ கோந்தான் மார்ஸ் லோர் மோந்தாய்ன். கோத் சோத் பே அலே திமான்ஸ்?"

எல்லாருக்கும் வணக்கம், மொரீஷியசுக்கு இப்போதுதான் வந்தேன், ரோஸ் ஹில்லில் இருக்கிறேன், மலை ஏறப் பிடிக்கும், ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறீர்கள்? அவ்வளவுதான். சம்பளம், படிப்பு, நிறுவனத்தின் பெயர் எதுவும் வேண்டாம்.

மரியாதையும் கவனிக்க வேண்டும். சம வயதுக்காரரிடம் "தோ", மூத்தவரிடம் "ஊ". நம் நீ, நீங்கள் போலத்தான். குழுவில் ஐம்பது அறுபது வயதுக்காரர் இருந்தால் தொந்தோன், தாந்தின் என்று அழைக்கலாம், மாமா, அத்தை மாதிரி. பெயர் சொல்லிக் கூப்பிடுவதை அவர்களாகச் சொன்ன பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

4. பொழுதுபோக்கைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். கிரிக்கெட் ஆட ஆள் தேடாதீர்கள். தேடினால் கிடைப்பவர்கள் அநேகமாக உங்களைப் போல வேலைக்கு வந்த இந்தியர்கள்தான். அது தப்பில்லை, ஆட்டம் ஆடலாம், ஆனால் அதோடு வட்டம் மூடிக்கொள்ளும். உள்ளூர் உயிர் கால்பந்தில் இருக்கிறது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் லிவர்பூலா மான்செஸ்டர் யுனைடெடா என்று வீட்டுக்குள்ளேயே கட்சி பிரிந்திருப்பார்கள். அங்கே மதியம் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே மாலை ஆறு அல்லது ஏழு மணிக்கு வரும், ஆகவே சனிக்கிழமை மாலை குழுக்கள் கொதிக்கும். உங்களுக்குக் கால்பந்து தெரியாவிட்டாலும் ஒரு கட்சியைப் பிடித்துக்கொண்டு கேலி பேசத் தெரிந்தால் போதும். ஆடத் தெரிந்தால் இன்னும் நல்லது: ஐந்து பேர் ஆட்டத்துக்கு எப்போதும் ஒரு ஆள் குறைவாக இருக்கும், அந்த ஒரு ஆள் நீங்கள்.

என் தேர்வைக் கேட்டால், மலை. இங்கே மலைகள் உயரமில்லை. மிக உயர்ந்த பித்தோன் த லா பெத்தித் ரிவியேர் நுவார் கூட 828 மீட்டர்தான். லெ பூஸ் 812, கோர் த கார்த் 720. காலையில் ஏறி மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிவிடலாம். மூன்று மணி நேரம் பக்கத்தில் நடக்கும் ஆளோடு பேசாமல் இருக்க யாராலும் முடியாது. பதிவுகளில் மூச்சு விடாத ஆட்கள் கூட வழியில் வாயைத் திறந்துவிடுவார்கள். புதியவர் லெ பூஸில் தொடங்குங்கள். லெ மோர்ன் அழகுதான், 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம், ஆனால் மேல் பகுதி பாறை. கையையும் காலையும் வைத்து ஏற வேண்டும், முதல் நாளே அதில் உங்கள் பயத்தைக் காட்ட வேண்டாம். நண்பர் குழுவோடு போனால் பயணச் செலவும் சாப்பாடும் மட்டும்தான். பணம் வாங்கி அழைத்துப்போகும் வழிகாட்டிகள் ஒரு ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்பார்கள், அங்கே வருகிறவர்கள் சுற்றுலாப் பயணிகள், மறுவாரம் இருக்க மாட்டார்கள். நட்புக்கு அது உதவாது. பிடிமானமுள்ள காலணியை ஊரிலிருந்தே கொண்டுவந்துவிடுங்கள். மழை பெய்த மறுநாள் இந்தச் செம்மண் சோப்புப் போல வழுக்கும்.

வீட்டுத் தோட்டம் இன்னொரு நல்ல வழி, குறிப்பாக மனைவியோ கணவரோ வேலையின்றி வீட்டில் இருக்கும் குடும்பங்களுக்கு. தோட்டக் குழுக்களில் செடி மாற்றிக்கொள்வது தினப்படி நடக்கும். கறிவேப்பிலையை "கரிப்பூலே" என்றும், முருங்கைக் கீரையை "ப்ரெத் முரூம்" என்றும், பீர்க்கங்காயை "பிபாங்காய்" என்றும் தேடுங்கள், நம் வீட்டுக் கொல்லையே திரையில் வரும். ஒரு கட்டு முரூம் வாங்கப் போன இடத்தில் பாட்டி ஒருவர் ரசத்துக்கு என்ன போடுவீர்கள் என்று விசாரித்து, தன் வீட்டு "ராசோனை" ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்து, பூண்டைத் தட்டிப்போட்டால்தான் ருசி என்று பாடமும் நடத்தினார். மகள் மூலம் இன்றும் வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்புகிறார். ஆனால் ஒன்று: விதை, கன்று எதையும் ஊரிலிருந்து பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவராதீர்கள். தாவரம், விதை கொண்டுவர இங்குள்ள தேசியத் தாவரப் பாதுகாப்பு அலுவலகத்தின் இறக்குமதி அனுமதியும், புறப்படும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தேவை. குழுவில் "இந்தியாவிலிருந்து கன்று வந்திருக்கிறது" என்று படம் போடுவது அதைவிட மோசம்.

மீன்பிடிக்கப் பிடித்தவர்கள் தூண்டிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீருக்கடியில் சுடும் மீன் துப்பாக்கி இங்கே சட்டவிரோதம்.

அமைதியான ஆட்களுக்கு நாணயம், தபால்தலை. 1847இல் வெளிவந்த மொரீஷியஸ் தபால்தலைகள் உலகம் முழுவதும் சேகரிப்பாளர்களுக்குத் தெரிந்தவை. போர்ட் லூயிஸ் கோதான் கடற்கரையில் இருக்கும் புளூ பென்னி அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். வெளிச்சம் பட்டு நிறம் மங்கக் கூடாது என்று அசலுக்குக் கொஞ்ச நேரம் மட்டுமே விளக்குப் போடுவார்கள், ஆகவே விளக்குப் போடும் நேரத்தை நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சேகரிப்புக் குழுவில் முதல் அறிமுகமாக ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய நாணயங்களின் படத்தைப் போட்டால் நல்ல வரவேற்பு. நம் பக்கத்துப் பழைய காசுகளுக்கு இங்கே கேட்டு வருகிறவர்கள் உண்டு.

5. தமிழர் என்பதை எப்போது, எப்படிப் பேசுவது

இரண்டு மூன்று சந்திப்பு முடிந்த பிறகு. அதற்கு முன் வேண்டாம்.

முதலில் கேட்கக் கூடாத கேள்விகள். "இந்தியாவில் உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்காதீர்கள். அவர் மொரீஷியஸ்காரர், நாலைந்து தலைமுறையாக. இந்தியர் என்று அழைத்தால் முகம் மாறும். "ஏன் தமிழ் பேச மாட்டேன் என்கிறீர்கள்?" என்பது அதைவிட மோசமான கேள்வி, அதைப் பரிதாபத்தோடு கேட்பது எல்லாவற்றையும் விட மோசம். இன்னொன்று, "உங்கள் நாட்டில் தமிழர் எத்தனை சதவீதம்?" 1972க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் யார் எந்தச் சமூகம் என்று கேட்பதையே விட்டுவிட்டார்கள். நாம் போய் அதைத் தொடங்க வேண்டியதில்லை. தமிழர்களும் இந்துக்கள்தானே என்ற பேச்சிலும் தலையிடாதீர்கள். இங்கே "தமூல்" என்பதும் "எந்து" என்பதும் தனித்தனி அடையாளங்களாகப் புழங்குகின்றன, அதற்கு அவர்களுடைய காரணங்கள் உண்டு.

அப்படியானால் எதைப் பேசுவது? கையில் இருக்கும் ரூபாய் நோட்டிலிருந்தே தொடங்கலாம். மதிப்பு தமிழ் எழுத்திலும் அச்சாகியிருக்கும், ஆங்கிலத்துக்கு அடுத்த இடத்தில். 1998இல் வந்த புதிய நோட்டுகளில் அந்த வரிசையை மாற்றித் தமிழைக் கீழே தள்ளியபோது எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். தமிழ் பேசாத மக்கள் தமிழ் எழுத்துக்காக நின்றார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பேசினால் தொனி தானாகச் சரியாகிவிடும். நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், விடுதலைக்கு முந்தைய காலத்து அமைச்சர், தமிழர். இந்த நோட்டைக் காட்டி இவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், எதிரில் இருப்பவர் அரை மணி நேரம் சொல்வார்.

நாட்டுப் பெருமையிலும் கலந்துகொள்ளுங்கள். மார்ச் 12 தேசிய நாள். 1968இல் விடுதலையும் 1992இல் குடியரசும் அதே தேதியில். அந்த வாரம் பக்கம் முழுவதும் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை நாலு வண்ணக் கொடியாக இருக்கும். ஒரு வாழ்த்து போட்டால் போதும், அதில் இந்தியக் கொடியையும் சேர்த்து ஒட்டாதீர்கள். 2019இல் இங்கே நடந்த இந்தியப் பெருங்கடல் தீவு விளையாட்டில் மொரீஷியஸ் பதக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்ததைப் பற்றிப் பேச்செடுத்தால் எந்தச் சமூகத்துக்காரரும் கூடச் சேர்ந்துகொள்வார்.

தமிழ் அடையாளம் இங்கே வாழ்வது கோவிலிலும் இலையிலும். கோவிலைக் "கோவில்" என்றே சொல்கிறார்கள், "வணக்கம்" என்றால் "வணக்கம்" என்றே பதில் வரும். தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதம், அதைக் "காரெம்" என்பார்கள். அந்த நாட்களில் நண்பரைக் கோழி பிரியாணிக்கு அழைக்காதீர்கள். குவாத்ர் போர்ன் பக்கம் கோர் த கார்த் மலைச் சரிவில் இருக்கும் முருகன் கோவிலில் கூட்டம் அலைமோதும். உங்களை அழைத்தால் கட்டாயம் போங்கள், தண்ணீர்ப் பந்தலில் குவளை கழுவும் வேலையாவது கேட்டு வாங்குங்கள். தமிழ் தெரியும் என்பது அப்போதுதான் மதிப்புப் பெறும்: தேவாரம் பாடும் பிள்ளைகளுக்கு உச்சரிப்புச் சொல்லித் தரக் கேட்பார்கள், தமிழ்த் தேர்வு எழுதும் பையனுக்கு இலக்கணம் கேட்பார்கள். அரசுப் பள்ளிகளில் தமிழ் விருப்பப் பாடம். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் மேல்படிப்பும் உண்டு. சொல்லிக்கொடுக்கும்போது திருத்துகிறேன் பேர்வழி என்று அவர்கள் உச்சரிப்பைக் கிண்டல் செய்தால் அத்தோடு கதை முடிந்தது.

அப்புறம் சாப்பாடு. "செத் காரி", அதாவது ஏழு கறி, வாழை இலையில். கையால் சாப்பிடுங்கள், ஸ்பூன் கேட்காதீர்கள், "எங்கள் ஊரில் இப்படி இல்லையே" என்ற வாக்கியத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

6. திரையிலிருந்து நேருக்கு

பதிவில் பேசிப் பேசியே மாதங்கள் ஓட விடாதீர்கள். இரண்டு வாரத்துக்குள் நேரில் பார்த்தால்தான் பழக்கம் நிற்கும். முதல் சந்திப்பு பகலில், பலர் இருக்கும் இடத்தில். குவாத்ர் போர்ன் சந்தை, கோதான், மெட்ரோ நிலையம் ஏதாவது. மெட்ரோ போர்ட் லூயிசிலிருந்து ரோஸ் ஹில், குவாத்ர் போர்ன் வழியாகக் கியூர்பிப் வரை போகிறது, எபேன் பக்கமும் கிளை உண்டு. அந்தப் பாதையை ஒட்டிய ஊரில் வீடு எடுத்தால் உங்கள் நட்பு வட்டம் இரட்டிப்பாகும், வாடகை சற்றுக் கூடினாலும். மற்ற ஊர்களில் மாலை மயங்கினால் பஸ் நின்றுவிடும். ராத்திரி டாக்சி பிடித்தால் அன்றைய சிக்கனமெல்லாம் அதில் போய்விடும். திரும்பும் வழியை முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். காரில் கூட்டிப்போகிறவருக்குப் பெட்ரோல் பங்கைக் கேட்காமலே ஜூஸில் அனுப்பிவிடுங்கள்.

நவம்பரிலிருந்து மே நடுப்பகுதி வரை புயல் காலம். எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வகுப்புகளாக வரும். இரண்டு வந்தாலே மறுநாள் திட்டம் கிடையாது, மூன்று வந்தால் பஸ்ஸும் ஓடாது, எல்லாரும் வீட்டில். அன்று யாராவது "சந்திப்பு உண்டா?" என்று குழுவில் கேட்டால் அவர் புதியவர் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். மலைக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை சிறந்த காலம், ஆனால் ஆறு மணிக்குள் இருட்டிவிடும். மலையில் ஆபத்து என்றால் 999 அல்லது 112, ஆம்புலன்சுக்கு 114. ஃபோனில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்.

பெண்கள் தனியாக முதல் சந்திப்புக்குப் போக வேண்டாம், அறைத் தோழியை அழைத்துப் போங்கள். ஆண்களுக்கு: குழுவில் பார்த்த பெண்ணுக்குத் தனியாக "ஹாய்" அனுப்பாதீர்கள். இந்தியாவிலிருந்து வந்த ஆண்களைப் பற்றி அட்மின்களிடம் வரும் புகார் பெரும்பாலும் இதுதான். ஒருவர் செய்தால் அடுத்து சேரக் கேட்கும் பத்துப் பேருக்கும் கதவு மூடும்.

7. பணமும் பொறியும்

பொழுதுபோக்குக் குழுக்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. ஆண்டுச் சந்தா கேட்கும் சங்கமாக இருந்தால், சங்கப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த சங்கமா என்று கேளுங்கள். ஒழுங்கான சங்கம் பதிவு எண்ணைச் சொல்லும், ரசீதும் தரும். சேர்க்கைப் படிவம், புகைப்படம், முகவரி கேட்பது வழக்கம்தான். பாஸ்போர்ட் நகலையோ வேலை அனுமதி நகலையோ வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள், எந்தக் கால்பந்துக் குழுவுக்கும் அது தேவையில்லை. எனக்கு அப்படி ஒரு கோரிக்கை வந்தது, ஏன் என்று கேட்டதும் அந்தக் கணக்கே காணாமல் போனது.

தமிழில் பேசிக்கொண்டு வருகிற பொறிக்குத்தான் நம்மவர்கள் அதிகம் விழுகிறார்கள். "அண்ணா, நானும் மதுரைப் பக்கம்தான்" என்று தொடங்கி, மூன்றாம் நாள் அனுமதி புதுப்பிக்க ஏஜென்ட் தெரியும் என்பார், அல்லது வாரம் பத்து சதவீதம் தரும் முதலீடு, அல்லது சீட்டு. ஊர் வாசனைக்கு மயங்கி ஜூஸ் கடவுச் சொல்லையும் ஃபோனுக்கு வரும் ஓடிபி எண்ணையும் சொல்லிவிடாதீர்கள். ஏமாந்துவிட்டால் முதலில் வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்துங்கள், அப்புறம் இணையக் குற்றங்களுக்கான அரசுப் புகார்த் தளமான மௌகோர்ஸில் பதிவு செய்யுங்கள், காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள். உரையாடலை அழித்துவிட வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி சம்பந்தமான வேலை எதுவானாலும் உங்கள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு வழியாக மட்டும்.

நாமும் பொறியில் மாட்டாமல் பேச வேண்டும். 2001ஆம் ஆண்டின் தகவல் தொடர்புத் தொழில்நுட்பச் சட்டத்தின்படி அடுத்தவருக்குத் தொல்லை தரும் செய்தி அனுப்புவதே குற்றமாகலாம். சமூகங்களைச் சீண்டும் மீம் ஒன்றைச் சிரிப்புக்காக முன்னனுப்பினாலும் அது உங்கள் எண்ணிலிருந்து போனதுதான். வேலை அனுமதியில் இருப்பவர் அந்தச் சிக்கலைத் தாங்க மாட்டார். குழுப் படங்களைப் போடும்போதும் பிள்ளைகள் முகம் இருந்தால் பெற்றோரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

8. நேரம்

வேலைக்குச் சேரும் தேதி உங்கள் கையில் இருந்தால் மே அல்லது ஜூனில் வாருங்கள். புயல் காலம் முடிந்திருக்கும், மலைக் குழுக்கள் சுறுசுறுப்பாக இருக்கும். ஆகஸ்டில் கால்பந்துப் பருவம் தொடங்கும், புரட்டாசியில் கோவிந்தன் விரதம், அப்புறம் தீபாவளி, தை பிறந்தால் காவடி. காவடிக்கு வரும்போது உங்களை யாராவது பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழக்கம் ஆகியிருக்கும். டிசம்பர் கடைசியில் வந்து இறங்கினால் ஜனவரி முதல் வாரம் வரை தீவே விடுமுறையில் இருக்கும், குழுக்களில் பதிலே வராது. அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். சிம், வங்கி வேலைகளை அந்த நாட்களில் தொடங்காதீர்கள், கடைகளும் அலுவலகங்களும் பாதி மூடியிருக்கும். ஊருக்கு வீடியோ கால் பேசும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே இரவு எட்டு என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் ஒன்பதரை. சனி, ஞாயிறு மாலைகளை அதற்கே கொடுத்துவிட்டால் கால்பந்துக்கும் வர முடியாது, மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு மலைக்குக் கிளம்பும் வேனையும் பிடிக்க முடியாது.